மீனுக்குக் கிடைத்த சாப்பாடு எங்களுக்குக் கிடைக்கவில்லை

நிதானமாக ஊர் சுற்ற வேண்டும் என்று இனி யாராவது என்னிடம் பேசட்டும், இருக்கிறது அவர்களுக்கு.

ஜப்பான் போனால் டோக்கியோ, கியோட்டோ என்று ஓடக் கூடாதாம். சின்ன ஊரில் தங்கி, தெருத்தெருவாக நடந்து, பசித்தபோது உள்ளூர்க் கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். என் வீட்டுக்காரரின் திட்டம். சரியென்று கிஃபு மாகாணத்து மலைக்குள் இருக்கும் ஹிதா ஃபுருகாவாவில் நான்கு நாள் அறை எடுத்தோம். தகயாமாவிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைச் சுவர்க் கிடங்குகள், அவற்றை ஒட்டி ஓடும் செத்தோகாவா வாய்க்கால், அதில் முழங்கை நீளத்துக்குக் கெண்டை மீன்கள். எல்லாம் அழகுதான். ஆனால் 'பசித்தபோது' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பகல் 11.30க்குத் திறந்து 2 மணிக்குச் சாத்துகிறார்கள். மறுபடி 5.30க்குத் திறந்தால் 7.30க்கு 'ராஸுத்தோ ஓடா'. லாஸ்ட் ஆர்டராம்! அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் குக்கரே அடுப்பில் ஏறியிருக்காது.

முதல் நாள் ஒரு சோபா நூடுல்ஸ் கடைக்கு 1.40க்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணெதிரே ஒரு பாட்டி வெளியே வந்து, வாசலில் தொங்கிய நோரென் துணியைக் கழியோடு கழற்றினார். நோரென் உள்ளே போனால் கடை முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்குப் பிசைந்த மாவு தீர்ந்துவிட்டதாம். இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டிவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்பு வேறு கேட்டார். அப்படிக் குனிகிறவரிடம் சண்டையா போட முடியும்? அதுதான் இன்னும் எரிச்சல்.

மறுநாள் புதன்கிழமை. பாதிக் கடைகளுக்கு வார விடுமுறை. ஒரு கடையில் மட்டும் 'ஜுன்பிச்சூ' என்று பலகை. கைபேசியைக் காட்டினால் 'தயாராகிக்கொண்டிருக்கிறது' என்றது. இவருக்கு ஒரே குஷி. அரை மணி நேரம் வாசலிலேயே நின்றோம். கடை திறக்காத நேரமெல்லாம் அந்தப் பலகைதான் தொங்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூடியிருக்கிறது என்று எழுதினால் கை வலிக்குமா?

வயதான தம்பதி இருவராகவே நடத்தும் கடைகள், உதவிக்கு ஆளில்லை என்றெல்லாம் இவர் சமாதானம் சொன்னார். நியாயம்தான். ஆனால் மெதுவாக இருக்க வந்த ஊரில் நான்கு நாளும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடியது நான்தானே!

மூன்றாம் நாள் சாயங்காலம் வாய்க்கால் ஓரத்தில் 100 யென் போட்டு மீன் தீனி வாங்கினார். கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு முண்டியடித்தன. மீனுக்கெல்லாம் சாப்பாடு ஆயிற்று என்று நிமிர்ந்தபோது மணி 7.40.

ரோட்டோரக் கொன்பினியில், அதாவது குட்டி சூப்பர் மார்க்கெட்டில், கடைசியாகக் கிடந்த இரண்டு ஓனிகிரி சோற்று உருண்டைகளை வாங்கினோம். உள்ளே உப்பில் ஊறிய உமேபோஷிப் பழம், பல் கூசும் புளிப்பு. அதை மென்றுகொண்டே இவர் சொல்கிறார்: "அடுத்த தடவை ஷிகோகு தீவுக்குப் போலாம்மா. அங்க ஊரெல்லாம் இன்னும் சின்னதா இருக்குமாம்."