ஏழைப் பையன்களுக்குக் கட்டிய பள்ளிகள் யார் கைக்குப் போயின?

பிரிட்டனின் பிரதமர்களில் 20 பேர் ஈட்டன் என்ற தனியார் பள்ளியில் படித்தவர்கள். 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் அதைத் தொடங்கியது யாருக்காக? 70 ஏழை மாணவர்கள் இலவசமாகப் படிக்க! ரக்பி பள்ளிக்கு 1567இல் சொத்து எழுதிவைத்தவர் லண்டனில் மளிகை வியாபாரம் செய்தவர். தன் ஊர்ப் பையன்கள் காசில்லாமல் படிக்கட்டும் என்று எழுதிவைத்தார். அப்புறம் கட்டணம் கட்டும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், நிறைந்தார்கள். கடைசியில் 1878இல் ஊர்ப் பையன்களுக்கு வேறொரு பள்ளியைத் தனியாகத் திறந்து ஒதுக்கிவிட்டார்கள். பந்திக்கு அழைத்தவனையே திண்ணையில் உட்காரவைத்த கதைதான்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது கிறிஸ்ட்ஸ் ஹாஸ்பிடல். பெயரைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைக்க வேண்டாம், போர்டிங் ஸ்கூல்தான். லண்டன் தெருக்களில் ஆதரவில்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காக 1552இல் ஆரம்பித்தது. 1902இல் சசெக்ஸில் உள்ள ஹார்ஷம் பக்கம் குடிபெயர்ந்தது. கணுக்கால் வரை நீலக் கோட்டு, இடுப்பில் தோல் பெல்ட், மஞ்சள் சாக்ஸ், கழுத்தில் வெள்ளைப் பட்டை. இன்றும் இதுதான் சீருடை, அதுவும் பள்ளியே இலவசமாகக் கொடுக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு பேண்டு வாத்தியத்தோடு அணிவகுத்துப் போகிறார்கள். கொஞ்சம் கூத்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிசையில் எவன் அப்பா வங்கி அதிகாரி, எவன் அம்மா கடையில் வேலை செய்பவர் என்று துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கட்டணமும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். முழுக்கட்டணம் கட்டுபவர்களும் உண்டு. பெரும்பாலோர் சலுகையில் படிக்கிறார்கள், ஒரு பைசா கட்டாதவர்களும் இருக்கிறார்கள்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அங்கே படித்த கட்டுரையாளர் சார்லஸ் லாம்ப், ஏழு வயதில் நீல உடுப்புப் போட்ட முதல் நாளே காலில் விலங்கோடு ஒரு பையனைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பள்ளியை விட்டு ஓடிப்போனதற்குத் தண்டனை. இரண்டாம் முறை ஓடினால், உடம்பை நீட்டிப் படுக்க மட்டும் இடமுள்ள அறையில், வைக்கோல் மேல், தனியாக. தர்மத்துக்குச் சேர்த்த பிள்ளையைக் கேட்க ஆளில்லை என்ற தைரியம்தானே அது?

2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு பிரிட்டன் அரசு 20 சதவீத வாட் வரி போட்டிருக்கிறது. ஈட்டனுக்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை. வருமானம் பார்த்து வாங்கும் பள்ளிக்கும் அதே 20 சதவீதமா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.