மழையில் டிவி படம் மங்குவதில்லை, உடையும்

'டிஷ் சரியில்லாததால் கிரிக்கெட் மங்கலாகத் தெரிகிறது, ஃபோர்கே டிவி வாங்குங்கள்' என்கிறது ஒரு கட்டுரை. இரண்டும் தப்பு. மழையாலோ வேறு எதனாலோ டிஜிட்டல் சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறையும், மங்காது. குளச்சல், முட்டம் பக்கம் அப்படி உடைந்தால் முதலில் எல்என்பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி நிற்கும், சிக்னலை வாங்கும் கருவி) மாட்டிய கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் நடுச்செம்பு பச்சை பூத்திருக்கும். வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டு, தண்ணீர் இறங்காமல் ரப்பர் டேப் சுற்றினால் போதும். டிஷ் பார்க்கும் திசையில் புதிதாக வளர்ந்த தெங்கோலை மறைக்கிறதா என்றும் பார்க்கணும்.

மங்கல் வேறு சங்கதி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் செட்டாப் பாக்ஸை இணைத்திருந்தால் ஹெச்டி சேனலும் 576 வரிக்கு மேல் வராது. ஹெச்டிஎம்ஐ வயர் போட்டு, பாக்ஸ் செட்டிங்கில் 1080 வையுங்கள். பல வீட்டில் மாட்டினவர் 576-லேயே விட்டுப் போயிருப்பார்!

கேமரா பந்தோடு ஓடும்போது புல்தரை மட்டும் களியாகக் குழைகிறதா? அது சேனலை அனுப்புகிறவர் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தகவலின் அளவை) குறைத்த வேலை. எந்த டிவியும் அதை மீட்காது, பெரிய ஃபோர்கே பேனலில் இன்னும் பெரிதாகத்தான் தெரியும். டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனையும் (புள்ளிகளை அழிக்கும் வசதி) மோஷன் ஸ்மூத்திங்கையும் (அசைவை வழவழப்பாக்கும் வசதி) அணையுங்கள். பந்துக்கு வால் முளைப்பதும் நடுவில் காணாமல் போவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டால்தான்.