"அம்மா" என்று சொல்ல உதடு வேண்டும்

இறந்த ஒருவரின் முகத்தை எடுத்து, முகம் சிதைந்தவருக்குப் பொருத்துகிற முக மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "உயிரா போகுது? முகத்துக்காகவா இவ்வளவு ரிஸ்க்?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு என் சித்தப்பா தண்ணீர் குடிப்பதுதான் ஞாபகம் வரும்.

ஒரு விபத்தில் சித்தப்பாவுக்குக் கீழ் உதடும் தாடையின் முன்பகுதியும் போய்விட்டன. டாக்டர்கள் காலிலிருந்து எலும்பெடுத்துத் தாடை கட்டினார்கள். முன்னங்கைத் தோலில் உதடு செய்து வைத்தார்கள். பெரிய வேலை அது, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த உதடு அசையாது. அண்ணாந்து டம்ளரைச் சாய்த்தபடி, இன்னொரு கையால் தாடைக்குக் கீழே துண்டைப் பிடித்துக்கொள்வார். அப்படியும் பாதி வழிந்துவிடும். வீட்டு ஆட்கள் முன்னால்கூட சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் குடிப்பார். ப, ம இரண்டும் உதடு ஒட்டினால்தான் வரும். "அம்மா" என்று பாட்டியைக் கூப்பிட்டால் "அன்னா" என்று விழும். பாட்டி அதற்கும் "என்னய்யா" என்று ஓடி வருவார்.

வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தசை ஓடுகிறது, சுருக்குப்பையின் கயிறு மாதிரி. அதற்கு ஈடாக உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்து வைக்க ஒன்றுமே கிடையாது. இமையும் அப்படித்தான். இமை மூடவில்லையென்றால் கருவிழி காய்ந்து, புண்ணாகி, பார்வையே போகலாம். இதையெல்லாம் அழகு விஷயம் என்று ஒதுக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

2005 நவம்பரில் பிரான்சின் அமியான் நகரில் இசபெல் தினுவாருக்கு உலகின் முதல் பகுதி முக மாற்று நடந்தது. நாய் கடித்து மூக்கும் உதடும் முகவாயும் போயிருந்தன. செய்தது பெர்னார் துவோஷெல், ழான்-மிஷெல் துபெர்னார் குழு. ரத்தக்குழாய்களை இணைத்துவிட்டால் ரத்தம் உடனே ஓடத் தொடங்கிவிடும். நரம்பு அப்படியல்ல, ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அவருக்கு இரண்டு உதடும் ஒட்டி வாய் முழுசாக மூட 10 மாதம் ஆனது. மருத்துவ இதழில் ஒற்றை வரியாக வந்த இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விலை பெரிது, மறைக்க வேண்டியதில்லை. பிறர் தோலை நம் உடம்பு அவ்வளவு லேசில் ஏற்றுக்கொள்ளாது. எதிர்ப்பை அடக்கும் மருந்தை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். அதனால் சிறுநீரகம் கெடலாம், தொற்று வரலாம், புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. தினுவாரே பின்னாளில் உதட்டு அசைவில் ஒரு பகுதியை இழந்து, 2016-ல் 49 வயதில் புற்றுநோயால் இறந்தார். முதல் 50 முக மாற்றுகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்வுப்படி, 5 வருஷம் தாக்குப்பிடித்தவை 85 சதவீதம், 10 வருஷம் 74 சதவீதம். பாரிசில் ஒருவருக்கு வைத்த முகத்தை உடம்பு நிராகரிக்க, அதை எடுத்துவிட்டு முகமே இல்லாமல் சுமார் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 2018-ல் லோரான் லாந்தியேரி குழு அவருக்கு இரண்டாவது முகம் வைத்தது.

இத்தனையும் தெரிந்துகொண்டு ஒருவர் "வேண்டாம்" என்றால் அது அவர் உரிமை. சித்தப்பாவிடம் கேட்டிருந்தால் அவரே மறுத்திருக்கலாம். ஆனால் துண்டு பிடிக்காமல் தண்ணீர் குடிக்கிற நாம் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

"செத்தவர் முகத்தோடு திரிவாரா?" என்றும் கேட்கிறார்கள். தோல் அவருடையதாக இருந்தாலும் அடியில் பெரும்பாலும் இவருடைய எலும்பு. அதனால் இருவர் சாயலும் அப்படியே வராது.

எனக்குக் கனமாக இருப்பது கொடுப்பவர் வீடு. கண், சிறுநீரகம் தருகிறோம் என்றால் முகமும் சேர்ந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் அழுதுகொண்டிருக்கிறவர்களிடம். எடுத்த பிறகு, இறந்தவரின் முகத்தைப் போலவே ஒரு மாஸ்க் செய்து வைத்துத்தான் உடலை ஒப்படைக்கிறார்கள்.

போன வாரம் வீட்டில் சொல்லிவிட்டேன், அப்படி ஒரு நிலை வந்து யாருக்காவது பயன்படுமென்றால் என் முகத்தையும் கொடுத்துவிடுங்கள் என்று. மனைவி அன்று எதுவுமே பேசவில்லை. மறுநாள் காலையில், "மாஸ்க் நிஜமாவே வைப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.