104-ஐ அழைத்தால் ரத்தம் வீடு தேடி வருமா?

‘ரத்தம் வேண்டுமா? 104-ஐ அழையுங்கள். 40 கிலோமீட்டருக்குள் 4 மணி நேரத்தில் வந்துவிடும். பாட்டில் 450 ரூபாய், வண்டிச் செலவு 100 ரூபாய்.’ இந்த வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. ரத்தம் அப்படி வராது.

முழுக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 2014-இல் மகாராஷ்டிர அரசு தொடங்கிய திட்டம் இது. அங்கும் ரத்தம் மருத்துவமனைகளுக்குத்தான் போனது. தமிழ்நாட்டில் 104 என்பது மருத்துவ ஆலோசனைக்கான எண்.

பால் பாக்கெட் போல வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாத பொருள் ரத்தம். மருத்துவர் கையெழுத்திட்ட படிவமும், பெயர் ஒட்டிய சிறு குழாயில் நோயாளியின் ரத்த மாதிரியும் முதலில் ரத்த வங்கிக்குப் போக வேண்டும். ரத்தப் பிரிவு ஒன்றாகவே இருந்தாலும், அந்த மாதிரியின் தெளிநீரைக் (சீரம்) கொடையாளரின் ரத்த அணுக்களோடு கலந்து, அணுக்கள் ஒட்டித் திரள்கின்றனவா என்று பார்த்த பிறகே ரத்தப் பையைக் கொடுப்பார்கள். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி குளிரில் இருப்பது. வெளியே எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்தாக வேண்டும்!

ரத்தத்துக்கு விலையும் கிடையாது. வாங்கக்கூடியது பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் மீண்டும் அறிவுறுத்தியது.

எந்த ரத்த வங்கியில் எந்தப் பிரிவு இருப்பில் உள்ளது என்பதை மத்திய அரசின் இ-ரக்தகோஷ் இணையதளத்தில் மாவட்ட வாரியாகப் பார்க்கலாம். பழைய செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். குழுவில் வந்தால் இதைப் பதிலாகப் போடுங்கள்.