சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்புவது பற்றி ஒரு திருத்தம்

“சிக்னல் சிவப்பாக இருந்தாலும் இடப்பக்கம் திரும்புவதற்கு இந்தியாவில் எப்போதும் அனுமதி உண்டு, நடப்பவர்கள்தாம் பார்த்துக் கடக்க வேண்டும்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதன் இரண்டு பகுதிகளும் தவறானவை. சிவப்பு விளக்கு என்பது எல்லாத் திசைகளுக்கும் பொதுவான நிறுத்த ஆணை. தனிப் பச்சை அம்புக்குறியோ இடப்பக்கம் செல்லலாம் என்ற அறிவிப்புப் பலகையோ இருக்கும் சந்திப்புகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. சிவப்பு விளக்கை மீறுவது, 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே குறிப்பிடப்பட்டுள்ளது.

இந்தத் தவறான நம்பிக்கைதான் பல சந்திப்புகளில் நடப்பவர்களின் பச்சை விளக்கைப் பயனற்றதாக்குகிறது. இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனங்களையே கவனித்துக்கொண்டிருப்பதால், இடப்பக்க நடைபாதையிலிருந்து வரிக்கோட்டில் (சாலையைக் கடப்பதற்கான வெள்ளைக் கோடுகளில்) கால் வைக்கும் முதியவரோ பள்ளிக் குழந்தையோ அவர் கண்ணில் கடைசியாகத்தான் படுகிறார்கள். வளைவு அகலமாக இருந்தால் வேகமும் குறைவதில்லை. அங்கே நடைபாதையின் ஓர முனையைச் சாலைப் பக்கமாக நீட்டி வளைவைக் குறுக்கினால் வேகமும் குறையும், கடக்க வேண்டிய தூரமும் குறையும். என் பார்வையில் கூடுதல் எச்சரிக்கைப் பலகைகளைவிட இதுவே பயனுள்ளது.

திரும்ப அனுமதி உள்ள இடத்திலும், வரிக்கோட்டில் நடப்பவருக்கு வழிவிட வேண்டிய கடமை ஓட்டுநருடையதே. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும், சிக்னல் இல்லாத கடவைகளில் வேகம் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிடச் சொல்கின்றன.