ஒரு உறை தொலைந்ததால்தான் இத்தனை பேச்சு

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் நடந்ததை நண்பர்கள் பலர் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். காணொளியும் சுற்றி வந்துவிட்டது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதமெல்லாம் கிசுகிசு. அறிவியல் என்பது ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அதைப் படித்தால் போதும்" என்றார் பேச்சாளர். கைதட்டினார்கள். ஐந்து நிமிடம் கழிவதற்குள் அவரே, "டார்வின் தன் பரிணாமக் கொள்கையை வாலஸிடமிருந்து திருடினார், இது ஊரறிந்த விஷயம்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். நான் எழுந்து, "ஐயா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நேரமாகிவிட்டது அம்மா, உட்காருங்கள்" என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்தியவள் நான். உட்கார்ந்தேன்.

எதை வைத்து என்பதை நானே சொல்கிறேன். கடிதத்தை வைத்துத்தான். அவர் கிசுகிசு என்று தள்ளிய அதே கடிதங்களை வைத்துத்தான் அந்தக் குற்றச்சாட்டே எழுந்தது.

1858 பிப்ரவரி. இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் டெர்னாத்தே தீவிலிருந்து வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் எழுதுகிறார். காய்ச்சலில் கிடந்தபோது தோன்றிய கருத்தை, அதாவது சூழலுக்குத் தகுந்தவை பிழைத்துப் பெருகுவதால் உயிரினங்கள் மாறுகின்றன என்ற இயற்கைத் தேர்வுக் கருத்தைக் கட்டுரையாக்கி, பிறகு ஒரு கடிதத்தோடு டார்வினுக்கு அனுப்புகிறார். அது தனக்கு இன்று கிடைத்தது என்று டார்வின் தன் நண்பரான புவியியலாளர் லையலுக்கு எழுதியது ஜூன் 18-ஆம் தேதி. ஆனால் வாலஸ் அதே டெர்னாத்தேயிலிருந்து பிரெடெரிக் பேட்ஸ் என்பவருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தின் உறையில் லண்டன் முத்திரை ஜூன் 3 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே கப்பலில் வந்திருந்தால் டார்வின் இரண்டு வாரம் அதை மறைத்து வைத்திருந்தார் என்றாகிறது. திருட்டுப் பட்டம் இப்படித்தான் வந்தது. ஓர் அஞ்சல் முத்திரையிலிருந்து!

2012-இல் இரண்டு ஆய்வாளர்கள் கப்பல் அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு நாள் கணக்குப் போட்டார்கள். டார்வினிடமிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாகத்தான் வாலஸ் எழுதினார், அந்தக் கடிதம் டெர்னாத்தேக்கு வந்து சேர்ந்ததே மார்ச் கப்பலில், ஆகவே பதில் ஏப்ரல் கப்பலில்தான் போயிருக்க முடியும், அது ஜூன் 18-இல் சேருவது சரியாகவே இருக்கிறது என்றார்கள். இதை ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு இந்தக் கணக்கு போதும். ஏன் இத்தனை கணக்கு போட வேண்டியிருக்கிறது என்றால், டார்வினுக்கு வாலஸ் அனுப்பிய அந்தக் கடிதமும் உறையும் இன்று எங்கும் இல்லை. அந்த உறை இருந்திருந்தால் முத்திரையைப் பார்த்து ஒரே நிமிடத்தில் வழக்கை முடித்திருக்கலாம். ஒரு உறை தொலைந்தது, ஒரு மனிதனைத் திருடன் என்று மேடையில் சொல்ல முடிகிறது.

தொலையாமல் மிஞ்சியவை என்ன சொல்கின்றன? 1844 ஜனவரி 11 அன்று டார்வின் தன் நண்பரான தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதுகிறார்: உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன், இதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று. வாலஸின் கடிதத்துக்குப் பதினான்கு வருடம் முன்னால். 1857 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவில் இருந்த தாவரவியலாளர் ஏசா கிரேவுக்குத் தன் கொள்கையைச் சுருக்கி எழுதுகிறார். 1858 ஜூலை 1-இல் லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் சங்கத்தில் வாலஸின் கட்டுரையோடு சேர்த்து வாசித்தார்களே, அதில் இந்தக் கடிதத்தின் பகுதியும் ஒன்று. ஐயா, அறிவியல் கட்டுரையில் மட்டும் இருக்கிறது என்றீர்கள். இயற்கைத் தேர்வுக் கொள்கை உலகத்துக்கு முதலில் அறிவிக்கப்பட்டபோது வாசித்ததிலேயே ஒரு கடிதம் இருந்தது.

"அம்மா, வாலஸைக் கேட்காமல்தானே வாசித்தார்கள்?" என்று கேட்பீர்கள். ஆமாம், கேட்கவில்லை. அவர் உலகத்தின் மறுகோடியில் இருந்தார். லையலும் ஹூக்கரும் செய்த ஏற்பாடு அது. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் டார்வின் மூன்று நாள் முன்புதான் ஒன்றரை வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். நான் கீழ்த்தரமாக நடந்துகொண்டதாக வாலஸ் நினைப்பதைவிட என் புத்தகம் முழுவதையும் எரித்துவிடுவேன் என்று அதற்கும் முன்பே லையலுக்கு எழுதியிருந்தார். அக்டோபரில் வாலஸ் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் டார்வினும் ஹூக்கரும் எழுதியதைப் பற்றி மகிழ்ச்சியோடுதான் சொல்கிறார். வாலஸுக்கே இல்லாத கோபம் நமக்கு எதற்கு?

இன்னொன்று. கட்டுரையில் வெற்றி மட்டும்தான் இருக்கும். 1855-இல் டார்வின் விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார், கடலில் மிதந்து போய்த் தீவுகளில் முளைக்குமா என்று. ஹூக்கருக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் ஹூக்கரை ஜெயித்துவிடுவீர்களா அப்பா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததாக டார்வின் அவருக்கே எழுதுகிறார். 87 வகை விதைகளில் 64 வகை 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தில் இந்த எண் இருக்கிறது. ஆனால் நடுவில் விதைகள் தண்ணீரில் மூழ்கிவிடுகின்றன என்பதைக் கண்டு மனம் நொந்து, இந்த நன்றி கெட்டதுகளுக்கு உப்புப் போட்டதெல்லாம் வீண்தானா என்று எழுதினாரே, அது கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. மாணவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். அப்போதுதான் பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்கு இது வெறும் வரலாறு இல்லை. 1988-இல் நான் ஆராய்ச்சி மாணவி. ஆவாரை விதைகள் தட்டு தட்டாக முளைக்காமல் கிடந்தன. நான்கு மாதம். என் வழிகாட்டி, உனக்குக் கை ராசி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு ஊரில் இருந்த ஒரு வயதான பேராசிரியருக்கு, முன்பின் தெரியாதவருக்கு, எழுதிப் போட்டேன். ஒன்பதாம் நாள் இன்லண்ட் லெட்டர் வந்தது. நீல மையில் பொடி எழுத்து. இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பில்கூட எழுதியிருந்தார். கிழிக்கும்போது இரண்டு வார்த்தை போய்விட்டது. "விதைத் தோல் கெட்டி அம்மா. உப்புத்தாளில் தேய்த்துப் போட்டுப் பார். நான் இதே தவறைச் செய்து ஒரு வருடம் வீணாக்கினேன், அதை எங்கும் எழுதவில்லை" என்று இருந்தது. தேய்த்துப் போட்டேன். முளைத்தது.

அவர் இறந்த பிறகு அவரது கடிதங்களைக் கேட்டு அவர் பணியாற்றிய இடத்துக்குப் போனேன். அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி காலி. பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டோம் என்றார்கள். கடையைத் தேடிப் போனேன். சணல் கயிற்றில் கட்டிய கட்டு ஒன்று தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. உறைகளிலிருந்து அஞ்சல்தலைகளை யாரோ கிழித்தெடுத்திருந்தார்கள், முத்திரையும் தேதியும் அதோடு போய்விட்டன. நாற்பது வருடம் ஊர் ஊராக மாணவர்கள் அவருக்கு எழுதியவை. எனக்குக் கிடைத்தது பதினொன்று. என்னுடையது அதில் இல்லை.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று ஒரு தம்பி கீழே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். 1863-இல் ஹூக்கரின் ஆறு வயது மகள் இறந்துபோகிறாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் டார்வினுக்கு எழுதுகிறார், என் துக்கத்தில் மற்ற நண்பர்களைவிட உங்களைத்தான் அதிகம் நினைக்கிறேன் என்று. டார்வினும் மகளை இழந்தவர். அதைப் படித்தபோது எனக்குக் கூசியது. ஆனாலும் படித்தேன். படிக்காமலே திருடன் என்று சொல்வதைவிட இது பெரிய பாவமா?

"எல்லாம் வெள்ளைக்காரக் கனவான்கள் சமாச்சாரம்" என்று இன்னொருவர். டார்வினுக்குக் கேள்வி மேல் கேள்வியாக எழுதிய ஜான் ஸ்காட் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த தோட்டக்காரர். பின்னால் கல்கத்தா தோட்டத்துக்கு வந்தவர். ஆனால் வாலஸுக்காகப் பறவை சேகரித்த அலி தன் கையால் எழுதிய கடிதம் நம்மிடம் இல்லை. அந்தக் குறை உண்மை. அதைச் சொல்பவர் கடிதங்கள் போதவில்லை என்று அழ வேண்டும், வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்ட மெண்டல் 1866 முதல் 1873 வரை நேகெலி என்ற தாவரவியலாளருக்குப் பத்துக் கடிதம் எழுதினார். நேகெலி அவரது பட்டாணி வேலையை மதிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் கடிதங்களைக் கடையில் போடவில்லை. 1905-இல் கோரென்ஸ் என்ற தாவரவியலாளர் அவற்றை அச்சிட்டார். ஹைராசியம் என்ற செடியின் பூக்களைக் கண்ணாடியும் லென்சும் வைத்துப் பார்த்துப் பார்த்து மெண்டலின் கண் தளர்ந்துபோன கதை அதனால்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தப் பதினொரு கடிதங்களையும் எடுத்து வருகிறேன். ஒலிவாங்கி வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பேச்சாளர் ஒரே ஒரு கடிதத்தை மடிப்பு வரை படித்துவிட்டுப் போகட்டும்.