அந்தத் 'துல்லியமாக' கொஞ்சம் இடிக்கிறது
ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்தின் தூரத்தை வானியலாளர் ஹப்பிள் செபீட் நட்சத்திரங்களை (சீரான கால இடைவெளியில் துடித்து, பிரகாசம் கூடிக் குறைகிறவை; அந்தக் காலத்தை வைத்து உண்மையான பிரகாசத்தையும், அதிலிருந்து தூரத்தையும் கணக்கிடலாம்) வைத்து 'துல்லியமாக' அளந்துவிட்டார் என்று இந்தக் கட்டுரையில் வருகிறதே, அந்த ஒரு வார்த்தைதான் இடிக்கிறது. அவர் கணக்கில் வந்தது சுமார் 9 லட்சம் ஒளியாண்டு; இன்றைய கணக்கு 25 லட்சம். செபீட்களில் இரண்டு ரகம் உண்டு, துடிக்கும் காலம் ஒன்றாக இருந்தாலும் ஒரு ரகம் மற்றதைவிடச் சுமார் நாலு மடங்கு பிரகாசம் என்று 1952ல் வால்டர் பாடே என்ற வானியலாளர் சொன்ன பிறகுதான் அந்தத் தூரம் ஒரேயடியாக இரண்டு மடங்கானது. இன்னும் தள்ளியிருந்த விண்மீன் மண்டலங்களில் மிகப் பிரகாசமான நட்சத்திரம் என்று ஹப்பிள் பிடித்தவற்றில் பல நட்சத்திரமே இல்லை, ஒளிரும் வாயு மேகம்! மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'இதற்கெல்லாம் காவலூர் தொலைநோக்கி வேண்டும், நமக்கெங்கே' என்கிறார். செபீட்டைப் பார்க்க வெறுங்கண்ணே போதுங்க. போன புரட்டாசியில் குடியாத்தத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து, திருவோண நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஈட்டா அக்விலே என்ற செபீட்டைப் பன்னிரண்டு ராத்திரி பார்த்தேன். கூடிக் குறைந்து மறுபடி கூட, ஒரு சுற்றுக்கு ஏழு நாளுக்கும் கொஞ்சம் அதிகம். முதலில் பக்கத்தில் இருக்கும் பீட்டா அக்விலே நட்சத்திரத்துக்குச் சமமாக நின்றது, நாலைந்து நாளில் தெருவிளக்கு வெளிச்சத்தில் தேடிப் பிடிக்கிற அளவுக்கு மங்கியது. காலண்டர் அட்டைக்குப் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன். நடுவில் ஐந்து நாள் மட்டும் மேகம் தின்றுவிட்டது.